‘தகாத வார்த்தை’ என்று எழுதாதீர்கள்

(திண்டுக்கல்லில் பெண் தொழிலாளர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்காமல் நேரே வந்திருக்கும் சகோதரிகளும் இங்கே இருக்கிறார்கள் என்று சொன்னார்கள். அவர்களுக்குக் கண் அசந்தால் அசரட்டும், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இன்றைக்கு நான் ஒரே ஒரு வாக்கியத்தோடு சண்டை போட வந்திருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்த வாக்கியம்தான். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரிடம் போனால் கேட்காமலே எழுதுவார். போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டரும் அதையேதான் எழுதுவார். சங்க ஆபீசில் எழுதும் கடிதத்திலும் அது இருக்கும். “மேற்படி நபர் என்னைத் தகாத வார்த்தைகளால் திட்டி, மன உளைச்சலுக்கு ஆளாக்கினார்.”

இந்த வாக்கியத்தால் எத்தனை நியாயமான புகார்கள் செத்துப்போயின என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. எடுத்திருந்தால் பெரிய கணக்காக வந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

ஏன் என்று சொல்கிறேன். என். எஸ். மதனகோபால் எதிர் கே. லலிதா என்று தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு. 2022 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. ஆபாசமாகத் திட்டியதாகப் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 294(பி) பிரிவில் குற்றச்சாட்டு. நம் ஊரில் அந்தப் பிரிவின் எண் டீக்கடையில்கூடத் தெரியும். இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 296. நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, எதிரி பேசியதாகச் சொல்லப்படும் சொற்கள் என்னென்ன என்று ஆவணங்களில் எங்குமே இல்லை என்பது. திட்டினார் என்று இருக்கிறது, என்ன சொல்லித் திட்டினார் என்பது இல்லை. சொல் இல்லாவிட்டால், அது ஆபாசமா, வெறும் கோபமா, சாதி வசையா என்று நீதிபதி எதை வைத்து முடிவு செய்வார்?

நாம் ஏன் அந்தச் சொல்லை எழுதுவதில்லை? கூச்சம். அதை எழுதினால் நம் வாயும் அழுக்காகிவிடும் என்ற நினைப்பு. புகாரை அண்ணன் படிப்பான், அப்பா படிப்பார், மனு எழுதுபவர் ஆம்பளை, அவரிடம் எப்படிச் சொல்வது? அதனால் ‘தகாத வார்த்தை’ என்று ஒரு துணியைப் போட்டு மூடிவிடுகிறோம். அந்தத் துணிக்கு அடியில் பேசியவன்தான் பத்திரமாக இருக்கிறான். நானும் இந்த மேடையில் அந்தச் சொற்களைச் சொல்லப்போவதில்லை. மேடைக்கு ஒரு நாகரிகம் உண்டு. மனுவுக்கு உள்ள நாகரிகம் வேறு. உள்ளதை உள்ளபடி எழுதுவதுதான் அது. வாயால் சொல்லக் கூசினால், தனித்தாளில் உங்கள் கையால் எழுதி, “இந்தத் தாளையும் என் புகாரின் பகுதியாகச் சேர்த்துக்கொள்ளவும்” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

இதைத் திண்டுக்கல்லில் வைத்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. பூட்டுக்கும் தோலுக்கும் சுருட்டுக்கும் பேர்போன ஊர் இது. பக்கத்தில் சின்னாளபட்டியில் சுங்குடி. ஆனால் இன்றைக்கு வேடசந்தூர், குஜிலியம்பாறை, ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டைப் பக்கத்து மானாவாரிக் கிராமங்களிலிருந்து விடியுமுன்னே மில் வேன்கள் அள்ளிக்கொண்டு போவது யாரை? பதினெட்டு, இருபது வயதுப் பெண்களை. பெரும்பாலும் நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகள். அதிலும் கணிசமானவர்கள் தலித் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு மேலே நிற்கும் சூப்பர்வைசர், ஃபிட்டர், மேஸ்திரி, வார்டன் யார் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பெரும்பாலும் ஆண், பெரும்பாலும் வேறு சாதி. ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிற மேடு பள்ளம் அப்படியே ஷெட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

சுமங்கலித் திட்டம் என்று ஒன்று இருந்தது. மூன்று வருஷம் வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. நடுவில் நின்றால் அது போச்சு. அந்தப் பெயரை இன்று எந்த மில்லும் சொல்வதில்லை. ஆனால் அந்தத் திட்டம் நம் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் போகவில்லை: பல்லைக் கடித்துக்கொண்டு இரு, இன்னும் எட்டு மாசம்தான், இன்னும் ஆறு மாசம்தான். திட்டு வாங்கியதை எழுதி வைக்கும் பழக்கம் வரவிடாமல் செய்ததில் அந்த மூன்று வருஷக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

இனி, இங்கே பல பேர் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் பெயருக்கு வருகிறேன். ஜெயஸ்ரீ. கைத்தியன்கோட்டையில் இருக்கும் நாச்சி அப்பேரல்ஸ் ஆலையில் வேலை பார்த்த பெண், தலித் வீட்டுப் பிள்ளை. வயது இருபது. அந்த ஆலை திருப்பூர் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்தது. எச் அண்ட் எம் போன்ற வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குத் துணி தைத்துக் கொடுத்தது. 2021 ஜனவரி முதல் தேதி வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. ஐந்தாம் தேதி உடல் கிடைத்தது. அதே ஆலையின் சூப்பர்வைசர் கைதானார். மாதக்கணக்காக அவர் தொந்தரவு கொடுத்துவந்தார் என்று குடும்பத்தார் சொன்னார்கள், கூட வேலை பார்த்தவர்களும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகுதான் வாய்கள் திறந்தன. அந்த ஆலையில் சூப்பர்வைசர்களின் வசையையும் தொல்லையையும் பற்றி இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் லண்டன் கார்டியன் பத்திரிகையிடம் பேசினார்கள். அமெரிக்காவிலிருந்து இயங்கும் தொழிலாளர் உரிமைக் கூட்டமைப்பு தனியாக விசாரித்தது. அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. லைனில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் ஒரு சாவு விழும்வரை, ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரிந்ததோடு சேரவில்லை. இப்படிப்பட்ட நேரங்களில் எந்தக் கம்பெனியும் முதலில் கேட்கும் கேள்வி, “எங்களுக்குப் புகார் வந்ததா? காகிதம் எங்கே?” என்பதுதான். அந்தக் கேள்வியில் வஞ்சகம் இருக்கலாம். இருந்தாலும் அதற்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டியிருக்கிறது.

தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், டி.டி.சி.யூ. என்று நீங்கள் சொல்வது, பெண்கள் தலைமையில் நடப்பது. திவ்யராகினி அதன் தலைவர். ‘ஜெயஸ்ரீக்கு நீதி’ என்று அவர்கள் ஓராண்டுக்கு மேல் விடாமல் நின்றார்கள். ஆசிய அடிப்படை ஊதியக் கூட்டணியும் வேறோர் அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்பும் கூடச் சேர்ந்தன. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் நிறுவனமும் எச் அண்ட் எம்மும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. பிறகு கேப், பி.வி.எச். ஆகிய கம்பெனிகளும் சேர்ந்தன. உலகம் முழுக்க இன்று அதன் பெயர் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’. இந்த வகையில் ஆசியாவில் முதல் ஒப்பந்தம் அது. இதற்கு முன்னோடி ஒன்று ஆப்பிரிக்காவில் லெசோத்தோ நாட்டு ஜீன்ஸ் ஆலைகளில் 2019இல் வந்தது. அதில் இல்லாதது ஒன்று நம்முடையதில் இருக்கிறது. பெண் என்பதால் நடக்கும் கொடுமையோடு, சாதியால் நடக்கும் பாகுபாட்டையும் வெளிப்படையாகப் பெயர் சொல்லித் தடுத்த ஒப்பந்தம் இது. அதை ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். யோசித்தவர்கள் நம் பக்கத்துப் பெண்கள்.

கம்பெனிகள் மனம் இளகித்தான் ஒப்பந்தத்தைக் கடைப்பிடித்தன என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாச்சி ஆலைத் துணியை உள்ளே விடமாட்டோம் என்று அமெரிக்கச் சுங்கத் துறை 2022 ஜூலைக் கடைசியில் உத்தரவு போட்டது. ஒப்பந்தம் நடைமுறையில் இருப்பதைக் காட்டியபிறகு செப்டம்பரில் அதைத் தளர்த்தியது. கப்பல் நின்றால் காது கேட்கும்.

அந்த ஒப்பந்தத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று இருக்கிறது. இருபத்தைந்து தொழிலாளிக்கு ஒருவர் என்று, லைனிலேயே வேலை பார்க்கும் பெண்களைக் கண்காணிப்பாளர்களாகச் சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தது. உங்களைத் திட்டினால் நீங்கள் எச்.ஆர். அறைக் கதவைத் தட்ட வேண்டாம். பக்கத்து மெஷின் அக்காவிடம் சொன்னால் போதும். அவர் அதைக் குறித்துக்கொண்டு நிர்வாகத்தோடு பேசுவார். பேசியதற்காக அவரையோ உங்களையோ பழிவாங்கக் கூடாது என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. முதல் ஆண்டு அறிக்கையில், கண்காணிப்பாளர்கள் வழியாக 185 குறைகள் பதிவானதாகவும் அவற்றில் ஏறக்குறைய எல்லாமே தீர்க்கப்பட்டதாகவும் இருந்தது. பெரும்பாலானவை ஒரே வாரத்துக்குள்.

185 என்றதும், “ஐயோ, ஒரே வருஷத்தில் இத்தனை புகாரா, அந்த ஆலை அவ்வளவு மோசமா” என்று சிலர் கேட்டார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. பக்கத்து ஆலையில் புகாரே இல்லை என்றால் அங்கேதான் எனக்குப் பயம். ரெஜிஸ்டர் வெள்ளையாக இருக்கிறது என்பதற்காக அங்கே யாரும் யாரையும் திட்டுவதில்லை என்று ஆகிவிடுமா?

ஆனால் ஒப்பந்தம் எத்தனை ஆலைக்கு? இந்த மாவட்டத்தில் இருக்கிற மில்களின் எண்ணிக்கைக்கு முன்னால் அது கைப்பிடியளவு. மற்றவர்களுக்குக் கண்காணிப்பாளர் அக்கா கிடையாது. அவர்களுக்கு என்ன இருக்கிறது? ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளலாம். இனி நான் பேசப்போவது அந்த நோட்டைப் பற்றி.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் தைத்த நோட்டாக இருக்கட்டும். தாளைக் கிழித்தால் தெரியவேண்டும், அதற்காக. முதல் வேலையாக எல்லாப் பக்கத்துக்கும் எண் போட்டுவிடுங்கள். சம்பவம் நடந்த அன்றைக்கே எழுதுங்கள். முடியாவிட்டால் மறுநாள். தேதி, ஷிப்ட், மணி, எந்த மெஷின் பக்கம், யார், என்ன சொன்னார், அவர் சொன்ன அதே பேச்சில், அதே கொச்சையில். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள். பக்கத்தில் யார் யார். அவ்வளவுதான். “அவன் ஒரு மிருகம்”, “என் நெஞ்சு வெடித்தது” என்பதெல்லாம் உங்கள் தோழியிடம் சொல்லி அழுவதற்கு. அழுங்கள், தப்பே இல்லை. நோட்டில் மட்டும் வேண்டாம். உடம்புக்கு ஏதாவது செய்தால் எழுதுங்கள்: தலை சுற்றியது, ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போனேன், இந்தத் தேதி, சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

“சார், என் கையால நானே எழுதுனதை நானே காட்டுனா எவன் நம்புவான்?” இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே இல்லை. சட்டம் நம்புகிறது, ஓரளவுக்கு. பழைய சாட்சியச் சட்டத்தில் 157, 159 என்று இரண்டு பிரிவுகள். 2024 ஜூலையில் வந்த புதிய பாரதிய சாட்சிய அதிநியத்தில் அவை 160, 162. ஒன்று என்ன சொல்கிறது? ஒரு சம்பவம் நடந்த சமயத்திலோ அதை ஒட்டியோ நீங்கள் யாரிடமாவது அதைச் சொல்லியிருந்தால், பின்னால் கோர்ட்டில் நீங்கள் சொல்லும் சாட்சிக்கு அது பலம் சேர்க்கும். மற்றது, நினைவு பசுமையாக இருந்தபோது நீங்களே எழுதிய குறிப்பைப் பார்த்துக் கூண்டில் பதில் சொல்லலாம். அதாவது நோட்டு தனியாக நின்று ஜெயித்துவிடாது. ஆனால் மூன்று வருஷம் கழித்து, “அன்றைக்கு மணி என்ன? நீ எங்கே நின்றாய்?” என்று எதிர்த்தரப்பு வக்கீல் குடைகிறபோது உங்களை நிற்கவைக்கும்.

அதே வக்கீலுக்கு அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் உரிமையும் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். அவர் என்ன பார்ப்பார் தெரியுமா? மை. ஆறு மாச சம்பவமும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதியதாக இருந்தால், “இதை நேற்று ராத்திரி உட்கார்ந்து எழுதினாய்தானே அம்மா?” என்பார். அதனால், பழையதை இப்போது எழுதுவதாக இருந்தால், “இது போன தை மாசம் நடந்தது, இன்று நினைவிலிருந்து எழுதுகிறேன்” என்று தலைப்பிலேயே போட்டுவிடுங்கள். பொய்த் தேதி ஒன்று போதும், நோட்டு முழுவதையும் அது சாப்பிட்டுவிடும். தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோடு போட்டு அடியுங்கள். அடித்த சொல் கண்ணுக்குத் தெரியட்டும்.

போன் விஷயம் சொல்கிறேன். பல மில்களில் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். போன் கையில் இருந்தால், நீங்களும் சேர்ந்து பேசும் பேச்சை நீங்கள் பதிவு செய்வதை நீதிமன்றங்கள் ஒதுக்கித் தள்ளிவிடுவதில்லை. குரல் யாருடையது என்று அடையாளம் தெரியவேண்டும், வெட்டி ஒட்டாமல் இருக்கவேண்டும், விஷயத்துக்குச் சம்பந்தப்பட்டிருக்கவேண்டும் என்று 1972ஆம் ஆண்டின் மல்கானி வழக்கிலிருந்தே சொல்லிவருகிறார்கள். பதிவு செய்த அதே போனை வைத்திருங்கள். எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டு, காப்பியை மட்டும் கொண்டுவந்து கொடுத்தால் சான்றிதழ், அது இது என்று இழுக்கும். ஷிப்ட் முடிந்து வேனில் ஏறியதும் அக்காவுக்கோ தோழிக்கோ ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்கள், “இன்னைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரம் முடிஞ்சதும் இப்படிச் சொன்னாரு” என்று. அதில் தேதியும் மணியும் தானாக விழுகிறது. நான் சொன்ன 160ஆம் பிரிவுக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

சாதி வசைக்கு வருவோம். இங்கேதான் ‘யார் பக்கத்தில் இருந்தார்கள்’ என்ற வரி உயிர்நாடி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989. அதன் மூன்றாம் பிரிவில், இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பது ஒன்று, சாதிப் பெயரைச் சொல்லி வைவது இன்னொன்று. இரண்டும் ‘பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்’ நடந்திருக்கவேண்டும். சமீபத்தில் வந்த ஒரு தீர்ப்பு இதை நன்றாகக் காட்டுகிறது. திருச்சி லால்குடிப் பக்கம், அரசு அலுவலகத்துக்குள் ஒரு வருவாய் ஆய்வாளரைச் சாதி சொல்லித் திட்டியதாக வழக்கு. 2025 ஜனவரி 31இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நான்கு சுவருக்குள் நடந்தது, உடன் வேலை செய்பவர்கள் பேச்சு நடந்த பிறகுதான் உள்ளே வந்தார்கள், ஆகவே பொதுப் பார்வை இல்லை என்றது. அந்தத் தீர்ப்பு எனக்கு உவப்பானதில்லை. தனியறையில் வைத்துச் சாதி சொன்னால் அவமானம் குறைந்துவிடுமா என்ன? ஆனால் சட்டம் இன்று அங்கேதான் நிற்கிறது. அதற்கேற்ப நாம் எழுதவேண்டும்.

நூற்பாலையில் ரிங் ஃபிரேம் ஓடும்போது காதோரம் வந்து கத்தினால்தான் கேட்கும். சூப்பர்வைசருக்கு அது இரண்டு வகையில் வசதி. “சத்தத்துக்காகத்தான் கத்தினேன்” என்பார். பக்கத்து மெஷின் பார்க்கும் சைடரிடம் கேட்டால், “வாய் அசைஞ்சதைப் பாத்தேன், கேக்கல” என்பாள். அவள் பொய் சொல்லவில்லை. அதனால் நூற்பாலையில் எழுதும்போது, மெஷின் நின்றிருந்ததா, பாபின் மாற்றும் டாஃபிங் நேரமா, கேன்டீனா, கேட்டா, வேனுக்குள்ளா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். கார்மென்ட்ஸ் லைனில் கதை வேறு. அங்கே ஒருத்தியைத் திட்டினால் லைன் முழுக்கக் கேட்கும். கேட்கவேண்டும் என்றுதான் திட்டுவதே. அங்கே கேட்டவர்கள் பெயரை எழுதுங்கள். அவர்கள் சாட்சி சொல்ல வருவார்களா என்று இப்போதே கவலைப்படாதீர்கள். சொந்தக்காரரும் நெருங்கிய தோழியும் அல்லாதவர் பெயர் ஒன்றிரண்டாவது இருந்தால் நல்லது.

சாதிப் பெயரை வாயால் சொல்லாமலே வைகிற கெட்டிக்காரர்கள்தான் இப்போது அதிகம். “உங்க ஆளுங்களுக்கு மெஷின் எதுக்கும்மா, கூட்டுற வேலை போதாதா?” “உங்க காலனியில இப்படித்தான் குளிக்காம வருவீங்களா?” காலனி என்ற சொல் வசையாகிவிட்டது என்று சொல்லி, அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்கப்போவதாக முதலமைச்சரே 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆக, அந்தச் சொல் எப்படி வெட்டும் என்பது அரசுக்கே தெரியும். அப்படிப்பட்ட பேச்சை, “சாதியைச் சொல்லித் திட்டினார்” என்று நீங்களாகத் திருத்தி எழுதாதீர்கள். “அப்படி நான் எந்தச் சாதியையும் சொல்லவில்லையே” என்று அவர் கையை விரித்துவிடுவார், அது உண்மையாகவும் இருக்கும். ‘உங்க ஆளுங்க’ என்றால் அப்படியே எழுதுங்கள். இழிவுபடுத்தும் நோக்கம் அந்தப் பேச்சிலேயே தெரியும். உங்கள் குடும்பத்தை அவருக்கு முன்பே தெரியும், எந்த ஊர் எந்தத் தெரு என்று தெரியும் என்றால் அதையும் எழுதுங்கள். அப்படித் தெரிந்திருந்தால், உங்கள் சாதி அவருக்குத் தெரியும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் என்று அந்தச் சட்டத்தின் எட்டாம் பிரிவு சொல்கிறது.

வாயே திறக்காமல் செய்யும் பாகுபாட்டை எப்படி எழுதுவது? அதற்குக் கம்பெனி தரும் காகிதங்களே சாட்சி. யாருக்குத் தொடர்ந்து நைட் ஷிப்ட், யாருக்கு எப்போதும் வேஸ்ட் அள்ளும் வேலை, யாருக்கு லீவு கேட்டால் சம்பளம் பிடித்தம், யார் மூன்று வருஷமாக ஹெல்ப்பராகவே இருக்கிறார், கூடச் சேர்ந்தவர் எப்போது டெய்லர் ஆனார். சம்பளச் சீட்டு, டார்கெட் சீட்டு, ஷிப்ட் பட்டியல் எல்லாவற்றையும் தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள். உங்களுடையதோடு கூட இன்னும் இருவருடையது சேர்ந்தால் அது வேறு பலம்.

இனி காலக்கெடு. இது தெரியாமல் நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள். 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் உள் புகார்க் கமிட்டியிடம் புகார் கொடுக்கவேண்டும். தொடர்ந்து நடந்ததென்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். தக்க காரணம் இருந்தால் கமிட்டி இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். ‘தொடர்ந்து நடந்தது’ என்பதை நோட்டு இல்லாமல் எப்படிக் காட்டுவீர்கள்? எழுதத் தெரியாதவர் புகாரை எழுத உதவவேண்டியது கமிட்டியின் கடமை என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. விசாரணை நடக்கும்போது வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லியோ மூன்று மாதம் வரை விடுப்புக் கேட்டோ எழுதிக்கொடுக்கலாம். புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் உங்கள்மேல் பொய்ப்புகார் என்று நடவடிக்கை எடுக்க முடியாது.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு, மறைக்க விரும்பவில்லை. பாலியல் சங்கதியும் இல்லை, சாதிச் சங்கதியும் இல்லை, டார்கெட் முடிக்கவில்லை என்று நாள் முழுக்க நாயே பேயே என்று கத்துகிறார் என்றால், அதற்கென்று நம் நாட்டில் ஒரு தனிச் சட்டம் இல்லை. வேலையிடத்தில் எந்த வகை வன்சொல்லும் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் 190ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதில் சேரவில்லை. திண்டுக்கல் ஒப்பந்தம் இந்த ஓட்டையைத்தான் ஒரு சில ஆலைகளுக்கு அடைத்தது. சூப்பர்வைசர் ஏன் கத்துகிறார் என்றும் பாருங்கள். அவர் தலைக்கு மேல் புரொடக்‌ஷன் மேனேஜர், அவருக்கு மேல் ஸ்டாக்ஹோமிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் வரும் கெடு, விலைக் குறைப்பு. அது அவரை மன்னிக்கக் காரணமாகாது. ஆனால் உங்கள் நோட்டில் அன்றைய டார்கெட் எவ்வளவு, எத்தனை பீஸ் முடித்தீர்கள் என்றும் ஒரு வரி இருந்தால், அந்தக் கூச்சலின் வேர் எங்கே என்று பின்னால் படிப்பவருக்குப் புரியும்.

நோட்டை எங்கே வைப்பது? ஹாஸ்டலில் வேண்டாம், வார்டன் பெட்டியைச் சோதிப்பார். வீட்டில் என்றால் இன்னொரு சிக்கல். அப்பாவோ கணவரோ பார்த்தால், “அப்படிப்பட்ட இடத்துக்கு வேலைக்கே போகவேண்டாம்” என்பார். பல பெண்கள் சூப்பர்வைசருக்குப் பயந்ததைவிட இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் வாய் திறக்கவில்லை. சம்பளம் போகும், வெளியே போய்வரும் உரிமையும் போகும். தப்பு செய்தவன் வேலையில் இருப்பான், இவள் வீட்டுக்குள் அடைபடுவாள். இங்கே வந்திருக்கும் ஆண்களிடம் கேட்கிறேன்: உங்கள் தங்கை அந்த நோட்டைக் காட்டினால், வேலையை நிறுத்தச் சொல்லாமல், “நாளைக்கும் எழுதும்மா” என்று சொல்ல முடியுமா உங்களால்? முடியாதென்றால் அவள் நம்பும் சித்தியிடமோ சங்கத்துத் தோழியிடமோ நோட்டு இருக்கட்டும். வாரத்துக்கொருமுறை பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பி வைத்தாலும் சரி.

வக்கீல் காசு பற்றிக் கேட்பீர்கள். பெண் என்றாலே, பட்டியல் சாதி என்றாலே, ஆலைத் தொழிலாளி என்றாலே இலவச சட்ட உதவி உண்டு, 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி. மாவட்ட நீதிமன்றத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, போன் எண் 15100. பெண்களுக்கான உதவி எண் 181. வன்கொடுமைப் புகாருக்கு 14566. எங்கே புகார் கொடுத்தாலும் நகலில் முத்திரை வாங்காமல் நகராதீர்கள். எச்.ஆர். வாங்க மறுத்தால், ஸ்பீட் போஸ்டில், ஒப்புகை கேட்டு அனுப்புங்கள். மறுத்ததையும் நோட்டில் எழுதுங்கள்.

கடைசியாக ஒரு வேலை, இது தனியாள் வேலை இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஒவ்வோர் இடத்திலும் உள் புகார்க் கமிட்டி இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். எத்தனை புகார் வந்தது, என்ன ஆனது என்று ஆண்டுதோறும் அறிக்கை மாவட்ட அதிகாரியிடம் போகவேண்டும். பத்துப் பேருக்குக் கீழே உள்ள கடைகளுக்கும், முதலாளியே தொந்தரவு செய்யும் இடங்களுக்கும் மாவட்ட அளவில் ஒரு கமிட்டி இருக்கவேண்டும். நம் மாவட்டத்தில் போன ஆண்டு எத்தனை ஆலைகள் அந்த அறிக்கையைக் கொடுத்தன? எத்தனை ஆலைகள் ‘புகார் ஏதுமில்லை’ என்று எழுதின? மாவட்டக் கமிட்டியில் யார் யார், கடைசியாக எப்போது கூடினார்கள்? தகவல் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டி, மாவட்ட சமூக நலத் துறைக்கு இந்த மூன்று கேள்விகளையும் அனுப்பலாம். முப்பது நாளில் பதில் வரவேண்டும். விண்ணப்ப மாதிரியை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், அந்த ஓர மேசையில் இருக்கிறது. உங்கள் பெயரையும் முகவரியையும் மட்டும் நிரப்பி, ஊருக்கு ஒருவராவது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.